கணினிப் பராமரிப்புக்கு யாரை வைப்பது: மாத ஒப்பந்தமா, அழைத்தால் வருபவரா?

கணக்குமேசை எழுதியது:

கட்டட வரைபடம் தயாரிக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் கணக்கும் நிர்வாகமும் என் பொறுப்பு. கணினிகளும் என் பொறுப்பு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் எது நின்றுபோனாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது என் மேசையைத்தான்.

எங்களிடம் ஒன்பது கணினிகள் இருக்கின்றன. ஆறில் விண்டோஸ் 11, இரண்டில் இன்னும் விண்டோஸ் 10. ஒன்பதாவது ஒரு கிழட்டு விண்டோஸ் 7. அதை ஏன் வைத்திருக்கிறோம் என்றால், பெரிய தாளில் வரைபடம் அச்சிடும் பிளாட்டர் அந்த ஒரு கணினியின் சொல்லைத்தான் கேட்கிறது. புதியவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பொதுக் கோப்புகள் எல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு நாஸ் பெட்டியில் (எல்லோரும் நெட்வொர்க் வழியாகத் திறக்கும் சேமிப்புப் பெட்டி) இருக்கின்றன. மின்னஞ்சல் மைக்ரோசாஃப்ட் 365 வழியாக. மற்றபடி ரவுட்டர், யுபிஎஸ், ஒரு சாதாரண பிரிண்டர்.

இவ்வளவையும் பல வருடங்களாக ஒரே ஆள் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர், கைராசிக்காரர். வேறு வேலை கிடைத்து இந்த மாத முடிவில் விலகுகிறார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். ஒன்று நிறுவனம். கணினிக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். தொலைவிலிருந்தே கண்காணிப்பார்களாம்; அப்டேட், வைரஸ் தடுப்பு, காப்பு நகல் எல்லாம் அதில் அடக்கமாம். மூன்று வருட ஒப்பந்தம் கேட்கிறார்கள். மற்றவர் தனி ஆள். "ஒப்பந்தமெல்லாம் எதற்கு, அழையுங்கள், வருகிறேன்" என்கிறார். மணிக் கணக்கில் கூலி.

முதலாளி தாளில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். போன வருடம் வந்த பழுதுகள், அவற்றுக்கு மணிக் கூலி கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகை, அதற்கு எதிரே பன்னிரண்டு மாதக் கட்டணம். தனி ஆள்தான் மலிவு. கூட்டலில் பிழை இல்லை, நானே சரிபார்த்தேன். இருந்தும் செலவுப் பக்கத்தில் ஏதோ ஒன்று எழுதப்படவே இல்லை என்று தோன்றுகிறது. அது எது?

இன்னும் இரண்டு கேள்விகள். நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் "நான்கு மணி நேரத்துக்குள் பதில்" என்று இருக்கிறது. இது நல்ல வாக்குறுதியா? நாஸில் இரண்டு டிஸ்க் இருப்பதால் தனியாகக் காப்பு நகல் தேவையில்லை என்று விலகுகிறவர் சொல்லிவந்தார். அது சரியா?

நீலத்திரை எழுதியது:

நிறுவனத்தையே எடுங்கள். தனி ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் அலுவலகத்தில் சம்பளம் போடவேண்டிய நாளில் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. வழக்கமாக வருகிறவர் தொலைபேசியையே எடுக்கவில்லை. அதன் பிறகு நாங்கள் தனி ஆள் பக்கம் போகவே இல்லை.

பழையகேபிள் எழுதியது:

முதலில் தனி ஆளாகவும், பிறகு மாத ஒப்பந்த நிறுவனத்திலும் இதே வேலையைச் செய்திருக்கிறேன். இரண்டிலும் ஒழுங்கானவர்கள் உண்டு, இரண்டிலும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. யாரை வைப்பது என்பதைப் பிறகு பேசலாம். உங்களுக்கு மாத முடிவுக்குள் அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது: விலகுகிறவர் கையில் இருக்கும் சாவிகள்.

முதல் சாவி டொமைன். உங்கள் நிறுவனத்தின் இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்று இன்றே பாருங்கள். அவர் வசதிக்காகத் தன் பெயரில் பதிந்திருந்தால், காகிதப்படி அது அவருடையது. புதுப்பிக்கத் தவறினால் இணையதளத்தோடு அந்தப் பெயரில் வரும் மின்னஞ்சலும் நின்றுபோகும். உரிமையாளர் பெயரையும் தொடர்பு முகவரியையும் மட்டும் இப்போது மாற்றுங்கள். அதே சூட்டில் பதிவு நிறுவனத்தையும் மாற்றப் பார்க்காதீர்கள். உரிமையாளர் விவரம் மாறினால் 60 நாள் இடமாற்றத்தைப் பூட்டிவைக்கும் பதிவு நிறுவனங்கள் பல உண்டு.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் 365-இன் தலைமை நிர்வாகிக் கணக்கு. பிறகு நாஸ், ரவுட்டர், வரைபட மென்பொருளின் உரிமக் கணக்கு. தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் போதாது. அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒவ்வொன்றிலும் நீங்கள் உங்கள் கையால் நுழைந்து பாருங்கள். தாளில் உள்ள கடவுச்சொல் பழையதாக இருக்கும், அல்லது உறுதிப்படுத்தும் குறியீடு அவருடைய கைபேசிக்குப் போகும். இது வஞ்சகம் அல்ல, வழக்கமாக நடப்பதுதான்.

மூன்றாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை: பிட்லாக்கரின், அதாவது விண்டோஸ் டிஸ்குக்குப் போடும் பூட்டின், மீட்புச் சாவி. விண்டோஸ் 11 கணினியை ஒரு தனிப்பட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கில் தொடங்கி அமைத்திருந்தால், டிஸ்க் பெரும்பாலும் தானாகவே பூட்டப்பட்டு, 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். அமைத்தவர் தன் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தியிருந்தால் சாவியும் அவரிடம்தான். என்றைக்கோ மதர்போர்டை மாற்றும்போது திரை அந்த 48 இலக்கங்களைக் கேட்கும். மைக்ரோசாஃப்டிடம் போய் நின்றாலும் அவர்களால் எடுத்துத் தர முடியாது. ஆறு கணினிகளுக்கும் சாவியை எடுத்து அச்சிட்டுப் பணப்பெட்டியில் வையுங்கள்.

இனி உங்கள் கேள்விகள்.

இரண்டு டிஸ்க் காப்பு நகல் ஆகாது. ஒன்று பழுதானால் மற்றது வேலையைத் தொடரும், அவ்வளவுதான் அதன் பயன். ஒரு டிஸ்கில் நடப்பது மற்றதில் அந்த நொடியே நடக்கிறது. முகத்தில் மை பட்டால் கண்ணாடியில் இருக்கும் முகம் மட்டும் சுத்தமாகவா இருக்கும்? யாராவது ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டிலும் அழியும். பணம் கேட்டு மிரட்டும் பணயத் தீநிரல் வந்து கோப்புகளைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். பெட்டியே திருட்டுப்போனால் பேச்சே இல்லை. இந்தத் தொழிலில் 3-2-1 என்று ஒரு பழைய விதி உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று அலுவலகத்துக்கு வெளியே. வெளியே இருக்கும் அந்தப் பிரதியை அலுவலகக் கணினியிலிருந்து அழிக்க முடியாதபடி அமைக்கச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் போட்டுவிட்டோமே என்பார்கள். அது ஒத்திசைவு, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அலுவலகக் கணக்குகளில் அழித்த கோப்பு 93 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், பிறகு போய்விடும். கட்டட வேலையில் இரண்டு வருடத்துக்கு முந்தைய வரைபடத்தை யாராவது கேட்பார்கள், இல்லையா?

"நான்கு மணி நேரத்துக்குள் பதில்" என்பதில் பதில் என்றால் என்ன என்று கேளுங்கள். "உங்கள் புகார் கிடைத்தது" என்ற தானியங்கி மின்னஞ்சலும் பதில்தான். பதில் சொல்லும் நேரம் வேறு, சரிசெய்து முடிக்கும் நேரம் வேறு. பின்னதற்கு யாரும் எளிதில் கையெழுத்திடமாட்டார்கள். உதிரிப் பாகம் வர எத்தனை நாளாகும் என்று அவர்களுக்கும் தெரியாது, அது நியாயம்தான். ஆனால் அலுவலகம் முழுவதும் நின்றால் எவ்வளவு நேரத்தில் ஒரு மனிதர் வேலையைத் தொடங்குவார், அந்த நான்கு மணி நேரம் அலுவலக நேரமா கடிகார நேரமா, நேரில் வருவதற்குத் தனிக் கட்டணமா என்பதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்கலாம். அதைவிட முக்கியம், எது ஒப்பந்தத்தில் இல்லை என்ற பக்கம். பிளாட்டரும் வரைபட மென்பொருளும் அந்தப் பக்கத்தில் இருக்கும் என்று என்னால் இப்போதே சொல்ல முடியும். மாதக் கட்டணத்துக்கு மேல் வரும் பில்கள் எல்லாம் அங்கே பிறக்கின்றன.

முதலாளியின் தாளில் இரண்டு செலவுகள் விட்டுப்போயிருக்கின்றன. கணினி நிற்கும்போது வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களின் சம்பளம் ஒன்று. அதைக் கண்டுபிடிப்பது எளிது. மற்றது, ஒன்றும் பழுதாகாத நாளில் நடக்கவேண்டிய வேலை. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுகிறது. அவை எல்லாக் கணினிகளிலும் ஏறிவிட்டனவா, நேற்றைய காப்பு நகல் ஓடியதா என்று பார்க்க, அழைத்தால் மட்டும் வருகிறவருக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அவரும் பார்ப்பதில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகம் முழுவதும் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில்கூடக் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இடைப்பட்ட இரண்டு மாதத்தில் அதை ஏற்றாமல் விட்டவர்களுக்கு அதுவரை ஒரு பழுதும் இல்லை, ஒரு செலவும் இல்லை. உங்கள் முதலாளியின் தாளில் அவர்கள் லாபத்தில்தான் இருந்திருப்பார்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பணம் கட்டினால் நிறுவனங்களுக்கு மூன்று வருடம் வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். அந்த இரண்டு கணினிகளும் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று முதலில் பாருங்கள். அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லை என்று காட்டினால் உடனே தூக்கிப்போடாதீர்கள். சில்லு உள்ளே இருந்தும் பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், அணைத்து வைக்கப்பட்டிருப்பது சகஜம். பிராசஸர் பழையது என்றால்தான் வழியில்லை. விண்டோஸ் 7 ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. அதை ரவுட்டரில் இணையத்திலிருந்து துண்டித்து, நாஸையும் தொடமுடியாதபடி ஒதுக்கி வைக்கவேண்டும். அச்சிடவேண்டிய கோப்பு அதற்குப் போக ஒரே ஒரு வழி இருந்தால் போதும்.

ஒற்றையாள் எழுதியது:

நான் தனி ஆளாக இந்தத் தொழில் செய்கிறவன், எனவே என் சாய்வு தெரிந்ததுதான். நீலத்திரைக்கு ஒன்று சொல்லவேண்டும். நிறுவனத்தை அழைத்தாலும் எடுப்பது ஒரே ஆள்தான். அதுவும் இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் வேறொருவர். உங்கள் பிளாட்டரின் கதையை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கும்.

நிறுவனம் என்றால் பாதுகாப்பு என்பதையும் முழுதாக நம்பவேண்டாம். 2021 ஜூலை 2 அன்று, கசேயா என்னும் நிறுவனத்தின் தொலைநிலை நிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகப் பணயத் தீநிரல் நுழைந்தது. அந்த மென்பொருளை வைத்திருந்தவை பெரும்பாலும் பராமரிப்பு நிறுவனங்கள். நேரடியாக அடிபட்டவை அறுபதுக்கும் குறைவு. அவற்றை நம்பியிருந்த வாடிக்கையாளர்களில் 1,500 தொழில்கள் வரை பாதிக்கப்பட்டதாக கசேயாவே சொன்னது. ஸ்வீடனில் கூப் என்னும் சங்கிலிக் கடைகள் நூற்றுக்கணக்கில் மூடிக் கிடந்தன, பணம் வாங்கும் கருவி ஓடாததால். ஒன்பது கணினிகளுக்கும் எந்நேரமும் திறந்த வழி ஒன்றை ஒருவரிடம் கொடுக்கும்போது, அவர் வீட்டுக் கதவு எப்படிப் பூட்டப்படுகிறது என்று கேட்பது உங்கள் உரிமை. அவர்கள் கருவிக்குள் நுழைய, கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருக்கிறதா? வேலையை விட்டுப் போன ஊழியரின் கணக்கை எத்தனை நாளில் மூடுகிறார்கள்? இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

என் வாடிக்கையாளர்கள் சிலரோடு நான் வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். மாதம் இத்தனை மணி நேரம் என்று ஒரு சிறிய நிலையான தொகை. அதற்குள் எழுதிவைத்த வேலைகள்: அப்டேட் ஏறியதா, காப்பு நகல் ஓடியதா, நாஸ் டிஸ்க்குகள் நலமா, யுபிஎஸ் மின்கலம் தாங்குகிறதா. மாத முடிவில் ஒரு பக்க அறிக்கை. அதற்கு மேல் வரும் பழுதுக்கு மணிக் கூலி. நான் இல்லாவிட்டால் வர இன்னொரு தொழில்காரரோடு பேசிவைத்திருக்கிறேன், அவர் ஊரில் இல்லாதபோது நான் போகிறேன். உங்கள் தனி ஆளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். "ஒப்பந்தமெல்லாம் எதற்கு" என்பவர் பெரும்பாலும் சோம்பேறி அல்ல, யாரும் அவரிடம் ஒழுங்காக எழுதிக் கேட்டதில்லை.

கணக்குமேசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விலகுகிறவரை உட்கார வைத்துவிட்டேன். டொமைன் அவர் பெயரில்தான் இருந்தது. புதுப்பிக்கச் சொல்லும் கடிதம், அவரே இப்போது திறப்பதில்லை என்று சொல்லும் ஒரு பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. "அட, அது அங்கேயா இருக்கிறது!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதே மாற்றிக் கொடுத்தார். ஆறு பிட்லாக்கர் சாவிகளில் நான்கு அவர் கணக்கில், இரண்டு முதலாளியின் சொந்தக் கணக்கில். அச்சிட்டாயிற்று. ரவுட்டரின் கடவுச்சொல், அதன் அடியில் ஒட்டியிருக்கும் தொழிற்சாலைச் சீட்டில் உள்ளதேதான், அதையும் மாற்றியாயிற்று.

முதலாளி கசேயா கதையைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, தனி ஆள்தான் நல்லது" என்கிறார். வானாக்ரை பத்தியை அவர் படிக்கவில்லை போலிருக்கிறது. அச்சிட்டு மேசையில் வைத்திருக்கிறேன்.

யாரோடு போனாலும் காகிதத்தில் என்ன இருக்கவேண்டும் என்று சொல்லுங்கள். மூன்று வருடம் எனக்கு நீளமாகத் தெரிகிறது.

பழையகேபிள் எழுதியது:

ஒற்றையாள் சொன்ன ஏற்பாடு ஒன்பது கணினிகளுக்கு நன்றாகப் பொருந்தும். முப்பது கணினி, இரண்டு கிளை என்றால் நான் நிறுவனத்தைத்தான் சொல்வேன்.

மூன்று வருடம் வேண்டாம். ஒரு வருடம், இரு தரப்பும் ஒன்றிரண்டு மாத முன்னறிவிப்பில் விலகலாம் என்று எழுதுங்கள். நிறுவனம் புதிய உபகரணங்களையும் தன் செலவில் தந்து தவணையாகக் கழிக்கிறது என்றால் நீண்ட ஒப்பந்தத்துக்கு ஒரு நியாயம் உண்டு. வெறும் உழைப்புக்கு மூன்று வருடப் பூட்டு எதற்கு?

நீங்கள் அதிகம் மெனக்கெடவேண்டியது பிரியும் நாளைப் பற்றிய பத்தியில். கடவுச்சொற்கள், அமைப்பு விவரங்கள், காப்பு நகல்கள் அனைத்தும் உங்களுடையவை. விலகும்போது குறித்த நாளுக்குள் ஒப்படைக்கவேண்டும். அவர்கள் நிறுவிய தொலைநிலை மென்பொருள்களை எல்லாக் கணினிகளிலிருந்தும் நீக்கவேண்டும். புதிதாக வருபவருக்கு விளக்கிச் சொல்லவேண்டும். கட்டணத் தகராறு இருந்தாலும் இவற்றை நிறுத்திவைக்கக் கூடாது. கடைசி வாக்கியத்தை அவர்கள் அடிக்க முயன்றால் நீங்கள் ஏதோ சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள்.

நிர்வாகிக் கணக்கை யாரோடும் பகிராதீர்கள். அவர்களுக்குத் தனிப் பெயரில் தனிக் கணக்கு. அதற்கும் மேலே, அன்றாடம் யாரும் பயன்படுத்தாத ஒரு தலைமைக் கணக்கு உங்களிடம் இருக்கட்டும். அதன் கடவுச்சொல்லும் பாதுகாப்புச் சாவியும் பணப்பெட்டியில். அலுவலகத்தினர் எல்லோருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, முதலாளிக்கும் சேர்த்து. விலக்கு கேட்பது எப்போதும் முதலாளிதான், திருடர்கள் தேடுவதும் அவர் கணக்கைத்தான்.

வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியாக யாராவது ரவுட்டரில் 3389 என்னும் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து அலுவலகக் கணினியின் திரைக்குள் நுழையும் வழியை, திறந்து வைத்திருந்தால் உடனே மூடச் சொல்லுங்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் அந்த வழியை நாள் முழுவதும் யாரோ தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஆளைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றுதான். முதல் மாதத்தில் ஒரு நாள், நீங்களே ஒரு கோப்புறையையும் பழைய தேதி ஒன்றையும் குறித்துக் கொடுத்து, "இதை வேறொரு இடத்தில் மீட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். காப்பு நகல் ஓடியது என்ற பச்சை நிறக் குறியை நம்பவேண்டாம். மீண்டு வந்த வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர் என்பதால் இதுவும்: வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள் என்று பொருள் தருகிறவர் பெயரில் மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள், உங்கள் பழைய பதிவில் உள்ள எண்ணை அழையுங்கள். எந்தப் பராமரிப்பு ஒப்பந்தமும் இதைத் தடுக்காது. கூடவே, உங்கள் அஞ்சல் பெட்டியில் நீங்கள் வைக்காத, வரும் அஞ்சலைத் தானாக வேறொருவருக்குத் தள்ளிவிடும் "வெளியே அனுப்பு" விதி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே நுழைந்தவர்கள் முதலில் செய்வது அநேகமாக அதைத்தான்.

கணக்குமேசை எழுதியது:

தனி ஆளோடு மாத வேலைப் பட்டியல் போட்டு ஒரு வருடம் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. பட்டியலைக் கண்டு அவர் தயங்கவில்லை. யுபிஎஸ் மின்கலம் எந்த வருடத்தையது என்று திருப்பிக் கேட்டார், எனக்கு அது பிடித்திருந்தது. தான் வரமுடியாதபோது யார் வருவார் என்பதையும் எழுத்தில் தந்துவிட்டார்.

மீதி இருப்பது பிளாட்டர். அதற்காக விண்டோஸ் 7-ஐக் கட்டிக்கொண்டு அழவேண்டியதுதானா?

ஒற்றையாள் எழுதியது:

பிளாட்டரின் பின்பக்கம் நெட்வொர்க் கேபிள் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கையேட்டில் ஹெச்பி-ஜிஎல்/2 என்ற சொல் இருக்கிறதா என்றும் தேடுங்கள், அது பிளாட்டர்களுக்குக் கட்டளை சொல்லும் ஒரு மொழி. இரண்டும் இருந்தால் தயாரிப்பாளரின் பழைய டிரைவரே (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) தேவைப்படாமல் போகலாம். ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களில் அந்த மொழிக்கான டிரைவர் உள்ளேயே உண்டு. தாள் அளவும் கோட்டின் தடிமனும் மட்டும் சரிபார்க்கவேண்டியிருக்கும். மாடல் எண்ணை இங்கே எழுதுங்கள்.